திருமலைக்கு முதல் தடவையா? வெயிலைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

திருகோணமலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் பஸ்ஸால் இறங்கியதும் நேரே நிலாவெளிக் கடலுக்கு ஓடுவார்கள். மத்தியானத்துக்குள் களைத்துவிடும், பிறகு கோயிலுக்கு ஏற மனம் வராது. இரண்டு நாள் கையில் இருந்தால் இந்த ஒழுங்கில் போய்ப் பாருங்கள்.

1. முதலில் மாதம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடும். கொழும்பிலிருந்து இரவு ரயில் எடுத்தால் விடிய இங்கே நிற்கலாம்.

2. முதல் நாள் காலை, வேறு யோசனை வேண்டாம், கோணேசர் கோயில். பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் போக வேண்டும். உள்ளே இராணுவம் இருக்கிறது, கண்டபடி கமெராவைத் தூக்காதீர்கள். வழியெல்லாம் புள்ளிமான்கள். கையில் வாழைப்பழம் தெரிந்தால் பக்கத்தில் வந்து மூக்கை நீட்டும்.

சம்பந்தர் 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை' என்று பாடிய தலம் இது. அந்தப் பழைய கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களையும் கோட்டை கட்ட எடுத்தார்கள். இன்று நீங்கள் கும்பிடுவது பின்னாளில் எழுந்த கோயில். கும்பிட்டு முடிய இராவணன் வெட்டுப் பக்கம் போங்கள். மலை பிளந்து கீழே கடல் நீலமாகக் கொதிக்கும். பிள்ளை வரம் கேட்டவர்கள் மரத்தில் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். நான் ஒருமுறை பன்னிரண்டு மணிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகல்லில் தவளை மாதிரித் துள்ளினேன். அதனால்தான் காலை என்கிறேன்.

3. அப்புறம் ஆட்டோ பிடித்து கன்னியா வெந்நீர் ஊற்று. வாடகையை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். முதலில் காலில் ஊற்றிப் பாருங்கள், பிறகு தலைக்கு. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் குத்திய இடம் என்பது கதை. இன்றும் அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவர்களுக்கான கிரியைக்கு, வருகிறவர்கள் உண்டு, ஆகவே சத்தம் போடாமல் இருங்கள்.

4. பின்னேரம் டச்சு வளைகுடாக் கடற்கரை. கச்சான் ஒரு சுருள் வாங்கி உட்கார்ந்தால் போதும். இரவுக்குக் கொத்து ரொட்டி.

5. இரண்டாம் நாள் புறாமலை, நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள சின்னத் தீவு. புல்மோட்டை பஸ்ஸில் ஏறி நிலாவெளியில் இறங்குங்கள். நுழைவுச்சீட்டுக்கு ஒரு காசு, படகுக்கு வேறு காசு. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். காலையில் கடல் தெளிவு. பவளப்பாறை பார்க்கத் தண்ணீரில் பழைய டீசேர்ட்டோடு இறங்குங்கள்: முகம் தண்ணீருக்குள் இருக்க, முதுகு வெயிலில் வெந்துகொண்டிருப்பது தெரியாது. பவளப்பாறையில் கால் வைக்காதீர்கள், அது உயிருள்ளது. கருந்துடுப்புச் சுறா ஒன்று பக்கத்தால் போனால் பயப்பட வேண்டாம். உங்களைக் கண்டால் அதுதான் முதலில் திரும்பி ஓடும்.