வெள்ள நேரத்து உதவிக் கோரிக்கைகளைக் கூகுள் ஷீட், வரைபடம் வைத்து ஒழுங்குபடுத்துவது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பள்ளிக்கரணைப் பகுதியில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து உதவிக் கோரிக்கைகளைத் தொகுத்துக் கொடுத்தோம். ஆரம்பத்தில் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஓடியது. ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று குழுக்கள் சாப்பாடு கொண்டுபோயின. அடுத்த தெருவில் குழந்தைக்குப் பால் பவுடர் கேட்ட வீட்டுக்கு யாருமே போகவில்லை. கூகுள் ஷீட்டுக்கு மாறிய பிறகுதான் யாருக்கு என்ன கிடைத்தது, யார் இன்னும் காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அந்த முறையை, பிறகு திருத்தியவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே செய்து வைத்துவிடுங்கள். மின்சாரம் போன பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது.

ஆட்களை மீட்பது அரசின் வேலை. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, சென்னை மாநகராட்சிக்கு 1913. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் இந்த எண்களை அழைக்கச் சொல்லுங்கள். படிவத்தின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்.

எதில் செய்வது?

2018 கேரள வெள்ளத்தில் உதவிக் கோரிக்கைகளைத் திரட்டிய 'கேரளா ரெஸ்க்யூ' தளத்தை மாநில ஐ.டி. மிஷனோடு சேர்ந்து, ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் தன்னார்வலர்கள் கட்டினார்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில், மக்கள் அனுப்பும் தகவல்களை வரைபடத்தில் காட்டும் உஷாஹிடி தளத்துக்காக வெளிநாடுகளில் இருந்த கிரியோல் மொழிக்காரர்கள் குறுஞ்செய்திகளை மொழிபெயர்த்து, இடம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். இரண்டுமே பெரிய படைபலம் கேட்பவை. ஒரு வார்டு, நாலைந்து தெருக்கள் என்றால் கூகுள் ஃபார்ம், கூகுள் ஷீட், யூமேப் (இணையத்தில் நாமே வரைபடம் உருவாக்கும் தளம்) மூன்றும் போதும். தனியாக ஆப் எழுதலாம் என்று யாராவது ஆர்வமாகச் சொன்னால் அன்போடு தடுத்துவிடுங்கள். வெள்ளத்தின் நடுவில் யாரும் புது ஆப்பை இறக்கி வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கணக்கெடுப்புப் படிவங்களுக்கான கோபோ டூல்பாக்ஸ் எனக்குப் பிடித்த கருவி. இணையம் இல்லாதபோதும் பதிவு செய்துவிட்டுப் பிறகு அனுப்பலாம். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வீடு வீடாகச் சேதக் கணக்கு எடுக்கத்தான் அது பொருத்தம்.

படிவம்

பெயர், அந்த இடத்தில் இருப்பவரின் தொலைபேசி எண், மாற்று எண், முகவரி, அருகில் உள்ள அடையாளம், எத்தனையாவது மாடி, எத்தனை பேர், முதியவர் அல்லது கைக்குழந்தை அல்லது கர்ப்பிணி உண்டா, என்ன தேவை. இவ்வளவு போதும். தண்ணீர் எத்தனை அடி என்று கேட்காதீர்கள், ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, அதற்கு மேல் என்று நாலு தேர்வு கொடுங்கள்.

புகைப்படம் ஏற்றும் கேள்வியைச் சேர்க்கவே கூடாது. அதைச் சேர்த்தால் நிரப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற அமைப்பும் அப்படித்தான். வேறு யாருடைய போனிலிருந்தோ அவசரமாக நிரப்புபவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். அந்தக் கேள்வி இல்லாமல், அமைப்புகளில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதையும் அணைத்துவிட்டு, உள்நுழையாத ஒரு போனில் திறந்து பாருங்கள்.

ஷீட்டின் அமைப்புகளில் நேர மண்டலம் இந்தியாவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் காலை வந்த கோரிக்கை முந்தைய நாள் இரவு வந்ததாகத் தெரியும்.

ஒரு வீடு, ஒரு வரிசை

மின்சாரமும் டவரும் போன பகுதியில் சிக்கியவர்கள் பெரும்பாலும் தாங்களே படிவத்தை நிரப்புவதில்லை. பெங்களூரில் இருக்கும் மகன், சிங்கப்பூரில் இருக்கும் மகள், அண்ணா நகரில் இருக்கும் சித்தப்பா என ஆளுக்கொன்று அனுப்புவார்கள். ஒரே பாட்டிக்கு மூன்று வரிசைகள் வந்துவிடும். அதனால்தான் வீட்டில் இருப்பவரின் எண்ணைத் தனியாகக் கேட்கச் சொன்னேன். அனுப்பியவரின் எண் வேறு கட்டத்தில் இருக்கட்டும். வீட்டில் இருப்பவரின் போன் எண்ணை வைத்துத் தேடினால் இரட்டைப் பதிவுகள் சிக்கிவிடும். கூடுதல் வரிசையை அழிக்காதீர்கள், நிலையில் 'இரட்டை' என்று போட்டு வையுங்கள். அதில் மட்டும் இருக்கும் ஒரு தகவல், உதாரணத்துக்கு டயாலிசிஸ் விவரம், பின்னால் தேவைப்படும்.

இடம்

'பெருமாள் கோயில் தெரு' என்று மட்டும் வரும் கோரிக்கைகள் ஏராளம். அந்தப் பெயரில் தெரு இல்லாத பகுதியைத் தேடினாலும் கிடைக்காது. முகவரியை மட்டும் நம்பிப் படகை அனுப்ப முடியாது. சரிபார்க்க அழைக்கும் தன்னார்வலர் அடையாளங்களைக் கேட்டு, கூகுள் மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, வரும் இரண்டு எண்களையும் ஷீட்டில் ஒட்ட வேண்டும். சென்னையில் முதல் எண் 13-ஐ ஒட்டியும் இரண்டாவது 80-ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டு எண்களும் முன்பின்னாக மாறியிருந்தால் வரைபடத்தில் புள்ளி உலகின் வேறு மூலையில் போய் உட்காரும். ஒட்டியதும் தரவு மெனுவில் உள்ள பிரிக்கும் வசதியால் இரண்டு நெடுவரிசைகளாக்குங்கள். தலைப்புகள் ஆங்கிலத்தில் 'லாட்' (lat), 'லான்' (lon) என்று இருக்கட்டும். யூமேப் அந்தப் பெயர்களைத்தான் தேடும்.

நிலை நெடுவரிசை: இங்கே நிதானமாகப் படியுங்கள்

படிவத்தின் பதில்கள் வந்து விழும் அதே தாளில், வலது ஓரத்தில், வரிசை அடையாள எண், நிலை, பொறுப்பாளர், கடைசியாகப் பேசிய நேரம் ஆகிய நெடுவரிசைகளைச் சேருங்கள். நிலைக்குக் கீழிறங்கு பட்டியல் போடுங்கள்: புதியது, போன் எடுக்கவில்லை, பேசியாச்சு, அனுப்பியாச்சு, முடிந்தது, இரட்டை.

எங்கள் குழு திணறிய இடம் இதுதான். கோரிக்கைகளைப் பகுதிவாரியாகப் பார்க்க வேண்டும் என்று, க்வெரி ஃபார்முலாவால் (வேண்டிய வரிசைகளை மட்டும் எடுத்துவரும் சூத்திரம்) இன்னொரு தாளுக்கு இழுத்து, அதன் பக்கத்தில் குறிப்பு எழுதுவது பலருக்கும் தோன்றும் வழி. புதிய கோரிக்கை வந்ததும் இழுத்த வரிசைகள் ஒன்றிரண்டு கீழே நகரும். கையால் எழுதிய குறிப்பு நகராது. 'முடிந்தது' என்ற சொல் தண்ணீருக்குள் இருக்கும் இன்னொரு வீட்டின் எதிரே போய் நிற்கும். பார்ப்பவர் எவருக்கும் சந்தேகமே வராது. ஆகவே, எழுதுவது மூலத் தாளில் மட்டும். இழுத்த தாளை எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். பகுதிவாரியாகப் பார்க்க 'ஃபில்டர் வியூ' இருக்கிறது. ஒருவர் வடிகட்டினால் மற்றவர் திரை மாறாது.

படகுக்காரர் 'கொடுத்துட்டோம்' என்று சொன்னதை வைத்து 'முடிந்தது' போடக்கூடாது. வீட்டில் இருப்பவரின் எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன பிறகே போட வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுக்கும்போது அடையாள எண், முகவரி, மாடி, ஆள் எண்ணிக்கை, வரைபடத்தில் எடுத்த இட எண்கள், வீட்டில் இருப்பவரின் போன் எண் இவ்வளவையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள்.

வரைபடம்

இப்போது இன்னொரு தாள் திறந்து, இன்னும் முடிக்கப்படாத கோரிக்கைகளின் அடையாள எண், லாட், லான், தேவை ஆகியவற்றை மட்டும் க்வெரியால் இழுங்கள். ஃபார்முலா ஒரே வரிதான், தெரிந்தவரிடம் ஒருமுறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயரும் போன் எண்ணும் இதில் வரவே கூடாது. கோப்பு மெனுவில் 'இணையத்தில் வெளியிடு' என்பதற்குப் போய், முழு ஆவணத்தையும் அல்ல, இந்தத் தாளை மட்டும் சி.எஸ்.வி. (CSV, வெறும் எழுத்து அட்டவணை) வடிவில் வெளியிடுங்கள். முழு ஆவணமே தேர்வாகியிருக்கும், மாற்ற மறந்துவிடாதீர்கள்.

யூமேப்பில் ஒரு அடுக்கு உருவாக்கி, தொலைதரவு என்ற இடத்தில் அந்த இணைப்பை ஒட்டி, வடிவம் சி.எஸ்.வி. என்று கொடுத்து, ப்ராக்ஸி தேர்வை இயக்குங்கள். அது இல்லாமல் புள்ளிகள் தெரியாமல் போகலாம். ஷீட்டில் மாற்றியது வரைபடத்தில் வரச் சில நிமிடம் பிடிக்கும், உடனே வரவில்லையே என்று பதறாதீர்கள். யூமேப், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் மேல் இயங்குவது. 2015 வெள்ளத்தின்போது சென்னையில் நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்த வரைபடமும் அந்த ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து உருவானதுதான்.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஒருவர், இணையமே இல்லாதவர் எப்படி நிரப்புவார் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டு தன்னார்வலர்களின் எண்களைத் துண்டுச்சீட்டில் அச்சிட்டு மழைக்கு முன்பே வீடுகளில் கொடுத்துவிடுங்கள். அழைப்பை எடுப்பவர் அதே படிவத்தில் நிரப்பட்டும். ஷீட்டில் நேரடியாக எழுத வேண்டாம்.

இன்னொருவர், தண்ணீர் வடிந்த பிறகும் பழைய இணைப்பு வாட்ஸ்அப்பில் சுற்றி, கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்ததாகச் சொன்னார். வேலை முடிந்ததும் 'பதில்களை ஏற்பதை நிறுத்து' என்பதை அழுத்துங்கள். மூடிய படிவத்தில் தெரியும் செய்தியில் 1070, 1077 எண்களை எழுதுங்கள். வெளியிட்ட தாளையும் நிறுத்துங்கள். பிறகு மூலத் தாளில் உள்ள பெயர், போன் எண்களை அழித்துவிட்டு, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை மட்டும் அடுத்த மழைக்காக வைத்துக்கொள்ளுங்கள்.