காற்றளவு சென்சாரை மாற்றும் முன்

பெட்ரோல் எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் நிறையை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சாரில் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. கடந்து செல்லும் காற்று அதைக் குளிர்விக்கும்போது, வெப்பத்தை நிலைநிறுத்தத் தேவைப்படும் மின்னோட்டத்தைக் கொண்டு காற்றின் அளவு கணக்கிடப்படுகிறது. அக்கம்பியில் தூசும் எண்ணெயும் படிந்தால் காற்று பெரும்பாலும் குறைவாகப் பதிவாகும்; ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதம் பிறழ்வதால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. எரிபொருளைக் கூட்டிச் சரிசெய்ய முயலும்.

வண்டியின் கோளாறைக் கண்டறியும் ஸ்கேனரில் இந்த எரிபொருள் திருத்தம் +10 சதவீதத்தைத் தாண்டி நின்றால், உடனே புதிய சென்சார் வாங்க வேண்டாம். ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) மிகுந்திருந்து, எஞ்சின் வேகம் கூடும்போது திருத்தம் குறைந்தால், காற்றுக்குழாயின் விரிசலே காரணமாக இருக்கக்கூடும் (சென்சார் வீண்பழி சுமப்பது இப்படித்தான்). சுமை கூடக்கூடத் திருத்தமும் கூடினால் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, இணைப்பைக் கழற்றி, எம்.ஏ.எஃப். கிளீனரை மட்டும் தெளியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் கூடாது. கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடவும் கூடாது. நன்கு உலர்ந்த பிறகே மீண்டும் பொருத்துங்கள்.