கர்னல் சார்லஸ் யங்கிற்குச் சேலத்தில் நினைவுக் கூட்டம்: முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கத் தரைப்படையில் கர்னல் பதவியை எட்டிய முதல் கறுப்பின அதிகாரியான சார்லஸ் யங்கிற்குச் சேலத்திலோ ஏற்காட்டிலோ உள்ள ஒரு முன்னாள் படைவீரர் சங்கம் நினைவுக் கூட்டம் நடத்த விரும்பினால், முதலில் நாளை முடிவு செய்ய வேண்டும். அவர் பிறந்த மார்ச் 12 பொதுத்தேர்வுக் காலத்தில் வருவதால் மாணவர்களை எதிர்பார்க்க இயலாது. அவர் மறைந்த ஜனவரி 8, ராணுவ நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக அமைவதால் வசதியானது. அந்த மாதத்தில் ஏற்காட்டில் பனியும் குளிரும் மிகுந்திருக்கும். உறுப்பினர்களில் முதியோர் அதிகமெனில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அவர்களை அலைக்கழிக்காமல் சேலத்திலேயே ஒரு மண்டபத்தைப் பார்ப்பது நல்லது.

சீருடையில் அவர் இருக்கும் பழைய படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சட்டமிட்டு வைத்தால் போதும். வாழ்த்துவோர் முகங்கள் நிறைந்த ஃபிளெக்ஸ் பலகை இத்தகைய கூட்டத்திற்குப் பொருந்தாது.

கூட்டத்தின் உயிர் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பதில்தான் இருக்கிறது. அதைப் பிரமுகரிடம் ஒப்படைக்காமல், படையில் பணியாற்றிய ஒருவரிடமே கொடுங்கள். இருபது நிமிடம் ஒதுக்குங்கள். 1864-இல் கென்டக்கியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த யங், 1889-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கழகத்தில் தேறிய மூன்றாவது கறுப்பினத்தவர் என்பதைச் சொல்லிவிட்டு, 1903-க்கு வரலாம். அந்தக் கோடையில் செக்கோயா தேசியப் பூங்காவின் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவருடைய குதிரைப்படை வீரர்கள் ராட்சத மரங்கள் நிற்கும் காட்டுக்கு வண்டிப் பாதையை அமைத்து முடித்தனர். சேர்வராயன் மலைப்பாதையில் ஏறி இறங்குவோருக்கு அந்த உழைப்பை விளக்க வேண்டியதில்லை.

பிறகு 1917-ஐ நிதானமாக வாசியுங்கள். அமெரிக்கா முதல் உலகப்போரில் நுழைந்த அந்த ஆண்டில், உயர் ரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டி அவரை ஓய்வுப் பட்டியலில் சேர்த்தனர். அவருக்குக் கீழே பணிபுரிய விரும்பாத மிசிசிப்பியைச் சேர்ந்த வெள்ளை லெப்டினன்ட் ஒருவரின் முறையீடு, செனட்டர் ஒருவர் வழியாக அதிபர் வில்சன் வரை சென்றிருந்தது. தம் உடல்தகுதியை நிரூபிக்க, 54 வயதான யங் 1918 ஜூனில் ஒஹையோவிலிருந்து வாஷிங்டனுக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர், அதாவது சேலத்திலிருந்து ஹைதராபாத் வரையிலான தொலைவை, குதிரையிலேயே கடந்தார். ஆனால் போர் முடிய ஐந்து நாள் இருந்தபோதுதான் அவரை மீண்டும் பணிக்கு அழைத்தார்கள்.

இப்பகுதியைச் சங்கடம் கருதிச் சிலர் நீக்க விரும்புவார்கள், நீக்கக் கூடாது. நம் பழைய படையினருக்கு இது அந்நியமான கதையும் அல்ல. 1923-இல் பிரிட்டிஷ் இந்தியப் படையில் எட்டு அணிகளை மட்டும் பிரித்து இந்திய அதிகாரிகளை அவற்றிலேயே நியமிக்கும் திட்டம் வந்ததற்கு, பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்தியருக்குக் கீழே பணிபுரியும் நிலை வரக்கூடாது என்பதே முக்கியக் காரணம். வாசிப்பவர் இதையும் இரண்டு வரியில் சேர்த்துக்கொண்டால், எங்கோ நடந்தது என்ற விலகல் மறைந்துவிடும். யங்கின் குறிப்பை 1922-இல் நைஜீரியாவின் லாகோசில் நேர்ந்த மரணம், அமெரிக்கப் படைவீரர்களுக்கான ஆர்லிங்டன் கல்லறையில் நடந்த அடக்கம், மறைவுக்குப் பின் 2022-இல் கௌரவமாக அளிக்கப்பட்ட பிரிகேடியர் ஜெனரல் பதவி ஆகியவற்றோடு நிறுத்தலாம்.

சடங்கு முறைகள் படைவீரர்களுக்குப் பழகியவையே. தமிழ்த்தாய் வாழ்த்து, வாசிப்பு, இரண்டு நிமிட மௌனம், நாட்டுப்பண் என்ற வரிசை போதுமானது. அமெரிக்கக் கொடியும் வைப்பதென்றால் இரண்டும் ஒரே அளவில், தனித்தனிக் கம்பத்தில் இருக்க வேண்டும். மேடையில் கூட்டத்தை நோக்கி நிற்பவரின் வலப்பக்கம் மூவர்ணக் கொடி இருக்க வேண்டும். பதக்கங்களை அணிந்து வருமாறு அழைப்பிதழிலேயே குறிப்பிடுங்கள். மறைந்த வீரர்களின் மனைவியருக்கு முன்வரிசையை ஒதுக்குங்கள். என்சிசி மாணவர்களை அழைப்பதாயின் கல்லூரி முதல்வர் வழியாக ஒரு மாதம் முன்பே எழுதிவிட வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் படத்தைச் சங்க அலுவலகத்தில் மாட்டுங்கள்; அதன் கீழே ஒட்டும் குறிப்பில் பிறப்பு, இறப்பு ஆண்டுகளோடு 1917, 1918 ஆகியவற்றையும் எழுதுங்கள்.