80 வயதுக்கு மேல் மரண விகிதம்: சங்கத்துக் கொப்பியை வைத்தே கணக்குப் பார்ப்பது எப்படி?

இலங்கையில் எங்கள் தோட்டத்து டிவிஷனில் (தோட்டத்தின் ஒரு பிரிவு) மரண உதவிச் சங்கக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்வார்: “முந்தி ஆட்கள் கல்லு மாதிரி இருந்தாங்க. இப்போ எண்பதைத் தொட்டதும் போயிடுறாங்க.” சங்கத்துக் கொப்பி, அதாவது பதிவு நோட்டு, என்னிடம்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். முதல் தடவை அவர்கள் சொன்னதுதான் சரி என்று வந்தது. அந்தக் கணக்கு தப்பு. எங்கே தப்பியது என்று பிடிக்க மூன்று கிழமை ஆனது. தோட்டத்து முதியவர்களுக்கு மாதம் ஒரு கிளினிக் வேண்டும் என்று மனு எழுதுகிறவர்கள் கையில் சரியான எண் இருக்க வேண்டும். அதற்காகவே இந்தப் பதிவு.

படி 1: பட்டியல்

ஓர் ஆளுக்கு ஒரு வரி. பிறந்த திகதி, கணக்கில் சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய காரணம் (இறப்பு அல்லது இடமாற்றம்). உயிரோடு இருப்பவர்களையும் கட்டாயம் எழுதுங்கள். இறந்தவர்களை மட்டும் எழுதினால் எண்ணிக்கை கிடைக்கும், விகிதம் கிடைக்காது.

கைபேசியில் இதைச் செய்யாதீர்கள். கணினியில் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், இலவசம். எக்செல் 1900க்கு முந்திய திகதியைத் திகதியாகவே எடுக்காது. 1898இல் பிறந்த ஒரு தாத்தா பழைய கொப்பியில் இருந்தால் அங்கேயே சிக்கல். ஆண்டை 4 இலக்கமாகவே அடியுங்கள். 28 என்று அடித்தால் எக்செல் அதை 2028 ஆக்கிவிடும்.

படி 2: வயது உண்மையா?

பழைய தேசிய அடையாள அட்டையில் முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். என் அப்பாயியின் அட்டை 36501 என்று தொடங்கும். அப்படியென்றால் 1936 ஜனவரி 1. “மழை கொட்டிக்கிட்டு இருந்த மாசம்னு எங்கம்மா சொல்லும், எந்த மாசம்னு யாருக்குத் தெரியும்?” என்பார் அப்பாயி. பட்டியலில் 001, 501 நிறைய வந்தால், ஆண்டு மட்டும் தெரிந்து திகதியை இட்டு நிரப்பியிருக்கலாம். அந்த ஆண்டும் உத்தேசமாக இருக்கலாம். இந்திய வம்சாவளியினருக்கான 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் தோட்டத்து மக்களான நம்மில் பலருக்கு அட்டையே கிடைத்தது. முதுமையில் வாயால் சொன்ன வயதுதான் அதில் ஏறியது.

இறந்த வயதுகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 80, 85, 90இல் மட்டும் குவிந்து 81, 84, 89 வெறுமையாகக் கிடந்தால் வயது ஊகம்தான். அந்த வீடுகளுக்கு நேரில் போய்ச் சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டபோது பிறந்தாயிற்றா? 1942 ஏப்ரலில் கொழும்பில் ஜப்பான் குண்டு போட்டபோது? 1964இல் இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமை பற்றிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்திருந்தாரா, பிள்ளை எத்தனை? ஓரிரண்டு வருடம் முன்பின்னாக உண்மை வயது வந்துவிடும்.

படி 3: ஆள்-ஆண்டு

ஒருவர் ஒரு வயதுப் பிரிவில் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தாரோ அதுதான் அவர் தரும் ஆள்-ஆண்டு. ஜூலையில் 85 முடிந்தவர் அந்த ஆண்டில் 80–84க்கு அரை, 85–89க்கு அரை. நாட்களை எண்ணி 365.25ஆல் வகுங்கள். இறப்புகளை ஆள்-ஆண்டால் வகுத்து 1000ஆல் பெருக்கினால் விகிதம்.

படி 4: நான் தடுக்கி விழுந்த இடம்

80க்கு மேற்பட்ட எல்லோரையும் ஒரே கூடையில் போட்டேன். கீழே உள்ளவை விளங்குவதற்காக நான் போட்ட மாதிரி எண்கள்.

பழைய காலம்: 80–84இல் 150 ஆள்-ஆண்டு, 15 இறப்பு. 85–89இல் 40, 7 இறப்பு. 90க்கு மேல் 10, 3 இறப்பு. மொத்தம் 200க்கு 25, அதாவது ஆயிரத்துக்கு 125.

புதிய காலம்: 200க்கு 18, 100க்கு 16, 50க்கு 14. மொத்தம் 350க்கு 48, ஆயிரத்துக்கு 137.

ஏறிவிட்டது போலத் தெரிகிறது. இப்போது பிரிவு பிரிவாகப் பாருங்கள். ஆயிரத்துக்கு 100 என்பது 90 ஆகிறது, 175 என்பது 160, 300 என்பது 280. ஒவ்வொரு பிரிவிலும் இறங்கியிருக்கிறது! தொண்ணூறைத் தாண்டியவர்கள் முன்னைவிட அதிகம். இறப்பு கூடிய வயதில் கூடுதல் ஆட்கள் இருப்பதால் மொத்த விகிதம் மேலே போகிறது. அன்று எண்பத்திரண்டில் போனவரைப் போன்றவர் இன்று தொண்ணூறு வரை நம்மோடு இருக்கிறார். அந்த நல்ல சேதியைத்தான் கெட்ட சேதியாகக் கூட்டத்தில் வாசிக்க இருந்தேன்.

திருத்தம் இப்படி. இரண்டு காலத்து ஆள்-ஆண்டையும் கூட்டுங்கள்: 350, 140, 60. இதுதான் பொது அளவுகோல். பழைய விகிதங்களை இதில் பெருக்கினால் 35 + 24.5 + 18 = 77.5 இறப்பு. 550ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 141. புதிய விகிதங்களோடு 31.5 + 22.4 + 16.8 = 70.7, அதாவது 129. ஏற்றம் இறக்கமாகிவிட்டது.

சின்ன எண்களில் அவசர முடிவு வேண்டாம். தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதற்கு உத்தேச அளவு, இறப்பு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் இருமடங்கு. இறப்பு 25 என்றால் அதன் வர்க்கமூலம் 5. இருமடங்கு 10. ஆகவே 15 முதல் 35 வரை எதுவும் தற்செயலாகவே வந்திருக்கலாம். ஒரு டிவிஷன் போதாது. ஐந்து ஆண்டுகளைச் சேருங்கள், பக்கத்து டிவிஷன்களையும் கேளுங்கள். 2020, 2021ஐ மட்டும் தனியாக வையுங்கள், கொரோனா கலந்தால் ஒப்பீடு கெடும்.

பின்சேர்க்கை: ஆயிரத்துக்கு 280 என்றால் நூறு பேரில் 28 பேர் ஒரு வருடத்துக்குள் இறப்பார்களா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இல்லை, ஏறத்தாழ 25 பேர். 0.28ஐ 1.14ஆல் வகுக்க வேண்டும் (1 + 0.28இன் பாதி). இளவயதில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, இந்த வயதில் தெரியும்.

இன்னொன்று: அரசின் இறப்பு அட்டவணையை எடுக்கலாமே என்று சிலர் எழுதினார்கள். எடுக்கலாம். ஆனால் தொகைமதிப்பில் (சனத்தொகைக் கணக்கெடுப்பில்) ‘தோட்டம்’ என்றால் 20 ஏக்கருக்குக் குறையாத, 10 பேருக்குக் குறையாமல் தொழிலாளர் குடியிருக்கும் இடம். தோட்டம் துண்டாடப்பட்டால் அதே லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆட்கள் ‘கிராம’ வரிசைக்குப் போய்விடலாம். இறப்பு பெரும்பாலும் அது நேர்ந்த இடத்திலேயே பதியப்பட்டு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி இருக்கும் டவுனில் இறப்பு குவிந்து தெரிவதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் கொப்பியில் இதற்கு நேர்மாறான சிக்கல். கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் மகன் வீட்டில் ஆறு வருடம் இருந்து இறந்த ஒரு பாட்டியை அடக்கம் செய்ய இங்கே கொண்டுவந்தார்கள், பெயரும் கொப்பியில் ஏறியது. அந்த ஆறு வருடத்தை ஆள்-ஆண்டில் சேர்க்காமல் இறப்பை மட்டும் சேர்த்திருந்தேன். இரண்டையும் சேருங்கள், இல்லையென்றால் இரண்டையும் விடுங்கள். அவர் வத்தளைக்குப் போன திகதியோடு அவரை நான் ‘இடமாற்றம்’ என்று முடித்து, இறப்பை எடுத்துவிட்டேன்.