கரண்ட் பில்லைக் குறைக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

கரண்ட் பில் கூடிவிட்டால் நாம் முதலில் பாய்வது ப்ளக்கில் சும்மா தொங்கும் செல்போன் சார்ஜர் மீதுதான். போன் மாட்டாத சார்ஜர் இரண்டு மாதம் தொங்கினாலும் ஒரு யூனிட் தேறாது. ஆனால் டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு, செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டுவிடுகிறோம். அது 10 வாட் இழுத்தாலே இரண்டு மாதத்தில் 14 யூனிட் ஆகிவிடும்.

மீட்டரைப் பார்க்காமல் ஊகிப்பதால் வரும் வினை இது. டிஜிட்டல் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். பக்கத்திலேயே 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் இருக்கும். அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட். 3200 போட்ட மீட்டர் 11 நொடிக்கு ஒரு தடவை மின்னினால், வீடு அந்த நேரத்தில் சுமார் 100 வாட் இழுக்கிறது என்று கணக்கு.

ஒரு நாள் ராத்திரி மெயினை மட்டும் விட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அப்போதும் மின்னுகிறதா? பல வீடுகளில் அகப்படுவது இன்வெர்ட்டர். வயதான பேட்டரி முழுசாக ஏறாது, ராப்பகலாக சார்ஜ் இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் கை வைத்தால் சூடு தெரியும். இன்வெர்ட்டருக்கு வரும் கரண்டையும் நிறுத்திய பிறகு மின்னினால், வயரிங்கில் கசிவு இருக்கலாம். அதில் தயவுசெய்து நீங்களே கை வைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர்க் கசிவும் கரண்ட் செலவுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1 ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். ஃப்ளஷ் டேங்கில் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் வையுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால், சத்தமில்லாமல் ஒழுகும் அந்தத் தண்ணீரைத்தான் மோட்டார் திரும்பத் திரும்ப ஏற்றுகிறது.

ஏசியை 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது, கம்ப்ரஸர்தான் அதிக நேரம் ஓடும். 24-க்குக் கீழே போகாமல், ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிட்டால் போதும்.

ஃபேன் மாற்றுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. புது பிஎல்டிசி ஃபேன் வாங்கி, விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் அறையில் மாட்டுகிறார்கள். பழைய ஃபேன் சுமார் 75 வாட், இது சுமார் 30 வாட். நாளைக்கு 15 மணி நேரம் சுற்றும் ஹாலில் மாட்டினால்தான் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம்.

40 யூனிட்தானே என்று விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டுக் கட்டண முறையில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 100-க்கு மேல் அடுத்த 100 யூனிட்டுக்கு இருந்த மலிவு விலையும் போய்விடும். அதனால் பில் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ரீடிங்கைக் காலண்டரில் குறித்து வாருங்கள். வாரம் 55 யூனிட்டுக்கு மேல் போகிறது என்றால் 500-ஐ நெருங்குகிறீர்கள், சரிசெய்ய இன்னும் சில வாரம் கையில் இருக்கும்.