நவம்பர் 7: ஒரு நாளின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

பள்ளிக் கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறதா? நவம்பர் 7-ஐ எடுத்துக்கொண்டு ஒருமுறை செய்து பார்ப்போம்.

படி 1: கிடைப்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்

ஆண்டு, ஊர், ஆள், நிகழ்வு என நான்கும் இருக்கட்டும். 1862: கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாஃபர் நாடுகடத்தப்பட்ட நிலையில் ரங்கூனில் இறந்தார். 1867: வார்சாவில் மேரி கியூரி பிறந்தார். 1888: திருச்சிராப்பள்ளியில் சி.வி. ராமன் பிறந்தார். 1917: ரஷ்யாவில் போல்ஷெவிக் புரட்சி. 1940: அமெரிக்காவின் டகோமா தொங்குபாலம் இடிந்தது. இயற்பியல் நோபல் பெற்ற இருவர் ஒரே தேதியில் பிறந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்!

படி 2: எந்த நாட்காட்டி என்று பாருங்கள்

பலர் சறுக்கும் இடம் இது. நவம்பரில் நடந்த ரஷ்யப் புரட்சியை ஏன் 'அக்டோபர் புரட்சி' என்கிறார்கள்? அன்றைய ரஷ்யா ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அது நம் நாட்காட்டிக்கு 13 நாள் பின்தங்கியிருந்தது. அவர்களுக்கு அன்று அக்டோபர் 25. 1918-இல்தான் மாறினார்கள், ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆனது. அன்றைய ரஷ்ய அரசு இயங்கிய குளிர்கால அரண்மனை பிடிபட்டதோ நள்ளிரவு கடந்த பிறகு, அதாவது நவம்பர் 8.

நேர வித்தியாசத்தையும் மறக்காதீர்கள். நிலவில் ஆர்ம்ஸ்ட்ராங் கால்வைத்தபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. இந்தியாவில் ஜூலை 21 காலை.

படி 3: ஒன்றை மட்டும் விரித்து எழுதுங்கள்

இருபது வரிப் பட்டியலை யாரும் நின்று படிப்பதில்லை. மூன்று நிகழ்வுகள் போதும். அவற்றில் ஒன்றுக்கு உயிர் கொடுங்கள். நான் டகோமா பாலத்தைத்தான் எடுப்பேன்:

"1940 ஜூலை 1-இல் திறக்கப்பட்ட பாலம் இது. காற்று வீசினாலே அலைபோல ஏறி இறங்கும். நவம்பர் 7 காலை, மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர் வேகக் காற்றில் சாலைத் தளம் இடமும் வலமுமாக முறுக்கிக்கொண்டு, கடைசியில் அறுந்து நீரில் விழுந்தது. மனிதர் எவரும் இறக்கவில்லை. காரில் சிக்கிய டப்பி என்ற நாய் மட்டும் பலியானது. பெரிய பாலங்களின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கும் வழக்கம் இதன் பிறகே வலுப்பெற்றது."

படி 4: சரிபார்த்த பிறகே எழுதுங்கள்

இணையப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. பத்துத் தளங்களில் ஒரே தேதி இருந்தாலும் அது பத்துச் சான்று ஆகாது. கலைக்களஞ்சியம், அன்றைய செய்தித்தாள், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றில் இரண்டையாவது ஒப்பிடுங்கள்.

பிறந்த நாளையும் சாதனை நாளையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28, ராமன் பிறந்த நாள் அல்ல. 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். நோபல் பரிசு வந்தது 1930-இல். இந்த மூன்றையும் தனித்தனி வரிகளாகக் குறித்து வையுங்கள், பிப்ரவரியிலும் கைகொடுக்கும்.