மைனரின் பெற்றோல் பம்ப்: மூன்று நாள் தின்ற சின்ன எழுத்து

எங்கள் 1958 மொறிஸ் மைனர் 1000 கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே திக்கித் திணறி நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் எஞ்சினுக்குப் பெற்றோல் அனுப்பும் எஸ்.யூ. மின்பம்பின் வழக்கமான டிக் டிக் சத்தம் இல்லை, ஸ்பனரால் லேசாகத் தட்டினால் மறுபடி அடிக்கும். பம்புக்குள் மின்சாரத்தைத் தொட்டு விடும் பொயின்ற்ஸைத் தேய்த்தேன், இரண்டு நாள்தான் ஓடியது. சரி, புதிதே போடுவோம் என்று யாழ்ப்பாணம் முழுக்க அலைந்து, கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எலக்ட்ரோனிக் பம்ப் ஒன்று வாங்கினேன். பூட்டினால் மூச்சே இல்லை. வயர், பியூஸ் என்று பார்த்ததிலேயே மூன்று நாள் போய்விட்டது. பிறகுதான் பெட்டியின் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன்: நெகட்டிவ் எர்த்துக்கு மட்டும். அதாவது, பற்றரியின் நெகட்டிவ் முனையைக் காரின் இரும்பு உடம்பில் பூட்டியிருக்கும் கார்களுக்குத்தான். இந்தக் காரிலோ பற்றரியின் பொசிட்டிவ்தான் உடம்பில் பூட்டியிருக்கும்! நல்ல காலம், பம்ப் எரியவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்து பொசிட்டிவ் எர்த் பம்ப் எடுத்து, பெற்றோல் வெளியேறும் வாய் மேலே இருக்கும்படி பூட்டினேன். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் நிரம்பும்வரை படபடவென்று அடித்துவிட்டு அடங்கியது.